பெர்சிஸின் கூந்தல்

1965ஆம் ஆண்டு ஜூலை 24 அன்று ஃப்ளோரிடாவின் மயாமி பீச்சில் பிரபஞ்ச அழகிப் போட்டி நடந்தது. பட்டத்தை வென்றவர் தாய்லாந்தின் அப்ஸரா ஹொங்ஸகுலா. இந்தியாவின் சார்பில் அந்த மேடையில் நின்ற பம்பாய்ப் பெண்ணுக்கு அப்போது பதினேழு வயதுகூட நிறையவில்லை. பெயர் பெர்சிஸ் கம்பாட்டா. அந்தப் போட்டி முடிந்து ஏறத்தாழப் பத்து வாரம் கழித்து, அக்டோபர் 3 அன்று, நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலையின் காலடியில் மேசை போட்டு உட்கார்ந்து, ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு முன்னால் இந்தியாவுக்கு இருந்த குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். நூறு! இன்று எங்கள் பார்சிப்பனியில் ஒரு பொங்கல் விழாவுக்குப் பந்தி போட்டால் முதல் பந்தியிலேயே அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் பெர்சிஸின் தொழில் வாழ்க்கையைப் பற்றிப் படிக்கப் படிக்க, இரண்டையும் சேர்த்தே யோசிக்கத் தோன்றுகிறது. அந்தச் சட்டம் திறந்த கதவு வழியாகத்தான் மருத்துவர்களும் பொறியாளர்களும் செவிலியர்களும், வெகுகாலம் கழித்து என்னைப் போன்ற மென்பொருள்காரர்களும் வந்து சேர்ந்தோம். பெர்சிஸ் வந்தது வேறு வழி. படித்த பட்டத்தை வைத்து வந்தவர்கள் நாங்கள். முகத்தை வைத்து வந்தவர் அவர். எங்களுக்கு முன்பே வந்து தனியாக நின்றவர்.

(பார்சிப்பனிக்கும் பார்சிகளுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கும்போல என்று ஊருக்குப் புதிதாக வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. இல்லை. அது இங்கே வாழ்ந்த லெனாப்பே பழங்குடியினரின் சொல்லிலிருந்து வந்த பெயர்.)

1948 அக்டோபர் 2 அன்று பம்பாயில் ஒரு நடுத்தரப் பார்சிக் குடும்பத்தில் பிறந்தார் பெர்சிஸ். இரண்டு வயதில் தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். பதின்மூன்று வயதில் ஒரு புகைப்படக்காரர் விளையாட்டாக எடுத்த படங்கள் ரெக்ஸோனா சோப்பு விளம்பரத்துக்குப் போயின. அங்கிருந்து ஆரம்பம்.

இது சாதாரணத் தகவலாகத் தெரியலாம். அந்தக் கால வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால் அப்படியில்லை. சோப்புக்கும் சினிமாவுக்கும் நம் ஊரில் நீண்ட உறவு உண்டு. ஆனால் அந்த உறவு ஒரே திசையில்தான் ஓடியது. முதலில் நட்சத்திரம் ஆக வேண்டும், பிறகுதான் சோப்பு. 1941இல் லீலா சிட்னிஸ் லக்ஸ் விளம்பரத்தில் வந்த நாளிலிருந்து அதுதான் முறை. நம் வார இதழ்களின் பின்னட்டையில் சோப்புக் கட்டியோடு சிரித்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கொட்டகைகளில் நமக்குப் பழக்கமானவர்கள். யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் முகம், அது நல்ல முகம் என்ற ஒரே காரணத்துக்காக, பொருளை விற்க முடியும் என்பது புதிய எண்ணம். மாடல் என்ற தொழிலே அந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

அந்தத் தொழிலுக்கு அன்று தொலைக்காட்சி கிடையாது. 1965இல்தான் டில்லியில் தினசரி ஒளிபரப்பே தொடங்கியது. பம்பாய்க்கு 1972இல், சென்னைக்கு 1975இல் வந்தது. எனவே பத்திரிகைப் பக்கம், துணிக்கடைச் சுவரொட்டி, விமான நிறுவனத்தின் நாள்காட்டி, இடைவேளைக்கு முன் திரையில் ஓடும் துண்டுப் படம், இவைதான் மாடலின் உலகம். ஏர் இந்தியா, ரெவ்லான், பிற்பாடு கார்டன் வரேலி புடவைகள் என்று அந்த உலகத்தின் பெரிய பெயர்கள் எல்லாவற்றுக்கும் பெர்சிஸ் முகம் கொடுத்தார். ஃபெமினா பத்திரிகை 1964இல் மிஸ் இந்தியா போட்டியைத் தொடங்கியது. இரண்டாவது ஆண்டிலேயே பட்டம் அவருக்கு.

ஃபெமினாவுக்கு முன்பும் மிஸ் இந்தியாக்கள் உண்டு. 1952இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த முதல் பிரபஞ்ச அழகிப் போட்டியில் இந்தியாவின் சார்பாகக் கலந்துகொண்டவர் இந்திராணி ரஹ்மான். சென்னையில் பிறந்தவர், பரதநாட்டியக் கலைஞர். அவர் தாய் ராகினி தேவி பிறப்பால் அமெரிக்கர். இந்திராணி திருமணமாகித் தாயான பிறகு அந்த மேடை ஏறியவர். அழகிப் போட்டி என்றதும் நம் மனதில் வரும் படம் தொண்ணூறுகளில் வந்தது. அதற்கு முந்தைய கதை இன்னும் விசித்திரமானது.

ஆனாலும் இந்தத் தொழிலுக்கு வந்த பெண்களின் பெயர்களைப் பாருங்கள். 1964இல் மெஹர் மிஸ்திரி, 1965இல் பெர்சிஸ், 1966இல் உலக அழகியான ரீட்டா ஃபரியா. பார்சிகள், கோவாக் கிறிஸ்தவர்கள். மற்ற சமூகங்களில் அழகிகள் இல்லாமலா போனார்கள்? முழங்கால் தெரிய ஒரு புகைப்படம் வெளிவந்தால் தங்கைக்கு வரன் அமையாது என்ற கணக்கு இல்லாத வீடுகள் அன்று மிகக் குறைவு, அவ்வளவுதான். சென்னைக்கு அந்தக் கணக்கு தளர இன்னும் முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. 1999இல் மிஸ் சென்னை பட்டம் வாங்கிய த்ரிஷா 2002இல் ‘மௌனம் பேசியதே’ படத்தில் கதாநாயகியானபோது அதை யாரும் ஒரு அதிசயமாகப் பேசவில்லை.

அறுபதுகளின் பின்பாதியில் கே. ஏ. அப்பாஸ் தன் ‘பம்பாய் ராத் கி பாஹோன் மே’ படத்தில் பெர்சிஸை ஒரு காபரே பாடகியாக நடிக்க வைத்தார். ராஜ் கபூருக்கு ‘ஆவாரா’ எழுதிய அதே அப்பாஸ். ஹிந்தி சினிமாவில் அன்று கதாநாயகிக்கு ஒரு அச்சு, கெட்டுப்போன பெண்ணுக்கு வேறொரு அச்சு. மேற்கத்திய உடையும் உயரமும் ஆங்கில உச்சரிப்பும் இருந்தால் இரண்டாவது அச்சில்தான் ஊற்றுவார்கள். அங்கே தங்கியிருந்தால் பத்து வருடம் சிகரெட் பிடித்துக்கொண்டு வில்லனின் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் லண்டனுக்குப் போனார்.

லண்டனில் மாடலிங் கிடைத்தது; படங்களில் சிறு வேடங்கள் கிடைத்தன. 1975இல் இரண்டு படங்கள். ‘கண்டக்ட் அன்பிகமிங்’ பிரிட்டிஷ் இந்திய ராணுவ முகாமில் நடக்கும் கதை. ‘தி வில்பி கான்ஸ்பிரசி’ நிறவெறிக் காலத் தென்னாப்பிரிக்காவில் நடப்பது. நாயகர்கள் சிட்னி பாய்ட்டியேவும் மைக்கேல் கெயினும். இரண்டிலும் அவர் இந்தியப் பெண். ஆங்கிலப் படத்தில் இந்தியப் பெண் தேவைப்பட வேண்டுமென்றால் கதை பிரிட்டிஷ் பேரரசின் ஏதாவது ஒரு மூலைக்குப் போயாக வேண்டும். இல்லையென்றால் வேலை இல்லை.

அதனால்தான் அடுத்து வந்த வாய்ப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் கதை பூமியிலேயே நடக்கவில்லை.

ஸ்டார் ட்ரெக் தொடர் 1969இல் நின்றுபோயிருந்தது. 1977இல் பாரமவுண்ட் நிறுவனம் அதைப் புதிய தொலைக்காட்சித் தொடராக மீண்டும் தொடங்கத் திட்டமிட்டது. விண்கலத்தை ஓட்டும் வழிகாட்டி அதிகாரியாக ஒரு வேற்றுக்கிரகப் பெண் வேண்டும். டெல்டா கிரகத்துப் பெண், பெயர் ஐலியா, தலையில் முடி இருக்காது. தேர்வுக்கு வந்த பெர்சிஸ், முடியை மறைக்கும் வழுக்கைத் தொப்பியை மாட்டிக்கொண்டே வந்தார் என்பார்கள். மற்றவர்கள் தங்களை அழகாகக் காட்டப் போராடிக்கொண்டிருந்த இடத்தில் அது தொழில் தெரிந்த ஒருவரின் தந்திரம். வேடம் அவருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ எல்லாக் கணக்குகளையும் மாற்றிவிட, தொடர் கைவிடப்பட்டு, அதே கதை பெரிய பட்ஜெட் திரைப்படமானது. இயக்குநர் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ எடுத்த ராபர்ட் வைஸ். படப்பிடிப்பு 1978 ஆகஸ்டில் தொடங்கியது.

தொப்பி தேர்வுக்கு மட்டும்தான். படத்துக்கு உண்மையாகவே மொட்டை. அந்த நாளில் அவர் அழுதார். வெட்டிய முடியைப் பெட்டியில் பத்திரப்படுத்தினார். தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெரியிடம் ஒரு கோரிக்கையும் வைத்தார்: நான் மாடல், என் முடி திரும்ப வளராவிட்டால் என் பிழைப்பு போகும், எனவே அதற்குக் காப்பீடு எடுங்கள்.  காப்பீடு எடுக்கப்படவில்லை.

இதை ஹாலிவுட் துணுக்குகளில் ஒரு வேடிக்கையாகச் சொல்வார்கள். நமக்கு வேடிக்கையாக இருக்க முடியாது. பெண்ணின் மொட்டைத் தலைக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பழனியிலோ திருப்பதியிலோ வேண்டுதலை முடித்து, சந்தனம் பூசிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் பிரசாதம் கொடுக்கும் மொட்டை ஒன்று. கணவன் செத்த பத்தாம் நாள் நாவிதரை வரவழைத்து, பின்கட்டில் உட்கார வைத்து மழித்த மொட்டை இன்னொன்று. என் தந்தை வழிப் பாட்டியின் அத்தை ஒருவர் பதினாறு வயதிலிருந்து அந்த இரண்டாவது மொட்டையோடு எழுபது வயது வரை வாழ்ந்தார் என்று கேட்டிருக்கிறேன். முடி என்பது பெண்ணிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று, எடுத்துக்கொண்டால் அவள் வேறு ஆளாகிவிடுவாள் என்று தெரிந்த சமூகம் நம்முடையது. திருமலையில் காணிக்கையாக விழும் முடியை ஏலம் விட்டு அதுவே சவுரியாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்து சேர்வதைப் பார்க்கும் காலத்தில், தன் முடிக்கு ஒரு விலை உண்டு, அதை எழுதிக் கொடுங்கள் என்று 1978இலேயே ஸ்டுடியோவிடம் கேட்ட பெண்ணை நான் கேலி செய்யமாட்டேன். கைக்கு வருமுன் ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் படிக்கும் வேலை என்னுடையது. அவர் கேட்டது சரியான கேள்வி.

1979 டிசம்பர் 7 அன்று வெளியான அந்தப் படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாபெரும் மேகம் ஒன்று பூமியை நோக்கி வருகிறது. உள்ளே இருப்பது தன்னை ‘வீஜர்’ என்று அழைத்துக்கொள்ளும் அறிவுள்ள இயந்திரம். அது ஐலியாவை ஒளிக்கற்றையில் அள்ளிக்கொண்டு போகிறது. திரும்பி வருவது ஐலியா இல்லை. அவள் உருவத்தில் அந்த இயந்திரம் செய்து அனுப்பிய கருவி. மனிதர்களிடம் பேச அதற்கு ஒரு வாய் வேண்டும், அதற்காக அவள் உடலைப் பிரதியெடுத்திருக்கிறது. கடைசியில் வீஜர் என்பது நாசா அனுப்பித் தொலைந்துபோன ஆறாவது வாயேஜர் என்று தெரிகிறது. பெயர்ப்பலகையில் நடுவெழுத்துகள் அழுக்கில் மறைந்திருக்கின்றன. நிஜ வாயேஜர்கள் இரண்டும் 1977இல்தான் கிளம்பியிருந்தன.

படம் மெதுவாக நகரும். விண்கலத்தைச் சுற்றிக் காட்டுவதற்கே சில நிமிடங்கள் போகும். போன குளிர்காலத்தில் பனியால் பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு நாளில் என் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். பாதியில் கைபேசிக்குள் போய்விட்டவள், ஐலியா கருவியாகத் திரும்பி வந்து உணர்ச்சியில்லாத குரலில் பேசத் தொடங்கியதும் தலையைத் தூக்கினாள். “அம்மா, இவங்க இந்தியனா?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்ப ஏன் இவங்க மட்டும் இன்டர்ஃபேஸ்?” என்றாள்.

எட்டாம் வகுப்பு படிக்கிறாள்; பள்ளியில் கோடிங் கிளப்பில் இருக்கிறாள்; அந்தச் சொல் அவளுக்கு அங்கிருந்து வந்தது. நான் என்ன பதில் சொன்னேன் என்பது முக்கியமில்லை. இருபது வருடமாக என் வேலையின் பெயர் கிட்டத்தட்ட அதுதான். ஒரு பக்கம் இயந்திரம், இன்னொரு பக்கம் வாடிக்கையாளர், நடுவில் நான். சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தில், நான் உருவாக்கிய திட்டத்தை இன்னொருவர் தன் பெயரில் விளக்கிவிட்டு, கேள்வி நேரம் வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வாய் தேவைப்பட்டது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஐலியாவின் அந்தக் காட்சிகளை என்னால் விஞ்ஞானக் கதையாக மட்டும் பார்க்க முடிந்ததில்லை.

நடிப்பு என்று பார்த்தால், படத்தின் முற்பகுதியில் பெர்சிஸுக்கு வேலையே இல்லை. கருவியான பிறகுதான் அவர் நடிக்கிறார். முகத்தில் எதுவும் அசையாது. ஆனால் பழைய காதலன் டெக்கர் அருகில் வரும்போது உள்ளே எங்கோ பழைய ஐலியா விழித்துக்கொள்கிறாள் என்பதைக் கண்ணால் மட்டும் காட்ட வேண்டும். மாடலாக இருந்தவருக்குத் தெரிந்த வித்தை அது. அசையாமல் நின்று எதையோ தெரிவிப்பதுதானே அந்தத் தொழில். சாட்டர்ன் விருதுக்குச் சிறந்த நடிகையாக அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. கதையின் முடிவில் டெக்கரும் கருவியான ஐலியாவும் வீஜரோடு கலந்து புதிய உயிராகி மறைகிறார்கள். கவித்துவமான முடிவு. ஆனால் தொடர்ந்து வந்த படங்களில் அவருக்கு இடம் இல்லாமல் போனதும் அதனால்தான். 1987இல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடர் வந்தபோது டெக்கர், ஐலியா ஜோடியின் சாயலில்தான் ரைக்கர், டிராய் என்ற பாத்திரங்களை ராடன்பெரி உருவாக்கினார். ஏழு ஆண்டுகள் ஓடிய தொடர். முகம் வேறொருவருடையது.

1980 ஏப்ரல் மாதத்துக்கு வருவோம். ஏப்ரல் 1 அன்றைய நிலவரப்படி எடுக்கப்பட்ட அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக ‘ஏஷியன் இந்தியன்’ என்று நமக்கொரு தனிக் கட்டம் கிடைத்தது. நாடு முழுவதும் சேர்த்து நான்கு லட்சத்துக்கும் குறைவு. இரண்டு வாரம் கழித்து, ஏப்ரல் 14 இரவு, லாஸ் ஏஞ்சலிஸில் ஆஸ்கர் விழா மேடையில் விருது வழங்கும் ஒருவராக நின்றார் பெர்சிஸ். அப்படி நின்ற முதல் இந்தியர். கட்டத்தில் டிக் செய்த நான்கு லட்சம் பேரில் எத்தனை பேர் அன்றிரவு தொலைக்காட்சிக்கு முன்னால் எழுந்து நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

அதே ஆண்டு ஜெர்மனியில் கார் விபத்து. தலையில் பெரிய தழும்பு. முடி வளர்ந்து அதை மூடியது.

1981இல் ‘நைட்ஹாக்ஸ்’. சில்வெஸ்டர் ஸ்டலோன் நியூயார்க் போலீஸ். ருட்கர் ஹவர் பயங்கரவாதி. பெர்சிஸ் அவனுடைய கூட்டாளி ஷக்கா. ரூஸ்வெல்ட் தீவுக்குப் போகும் தொங்கு ரயிலில் பணயக் கைதிகளைப் பிடிக்கும் காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம். அதற்குப் பின் வந்த ‘மெகாஃபோர்ஸ்’ வசூலில் விழுந்தது. ‘வாரியர் ஆஃப் தி லாஸ்ட் வேர்ல்ட்’ பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதுகிறவள் என்ற முறையில் எல்லாப் படத்தையும் பார்த்துவிட்டேன். நீங்கள் பார்க்க வேண்டியதில்லை.

பேச வேண்டியது அவர் நடிக்காத படத்தைப் பற்றி. 1983இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ‘ஆக்டோபஸி’ பெரும்பகுதி உதய்பூரில் நடக்கிறது. தலைப்புப் பாத்திரத்துக்கு இந்திய நடிகையைத்தான் முதலில் தேடினார்கள். பெர்சிஸின் பெயர் பேசப்பட்டது. கடைசியில் அந்த வேடம் ஸ்வீடனைச் சேர்ந்த மாட் ஆடம்ஸுக்குப் போயிற்று. அவர் தலைமுடியைக் கருமையாக்கி, இந்தியாவில் வளர்ந்தவள் என்று சொல்லும்படி கதையில் ஓரிரு வரி சேர்த்துக்கொண்டார்கள். ஹாலிவுட்டுக்கு இது புதிதல்ல. 1911இல் பம்பாயில் பிறந்த மெர்ல் ஓபரான் தான் டாஸ்மேனியாவில் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டே பெரிய நடிகையாக வாழ்ந்து முடித்தார். இந்தியப் பெண் தன்னை வெள்ளைக்காரியாக மாற்றிக்கொண்டால் வேலை. வெள்ளைக்காரி தன்னை இந்தியப் பெண்ணாக மாற்றிக்கொண்டாலும் வேலை. இந்தியப் பெண் இந்தியப் பெண்ணாகவே வந்து நின்றால்தான் சிக்கல்.

அந்தப் படத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். பாண்டுக்கு இந்தியாவில் உதவும் உளவாளி விஜய்யாக, டென்னிஸ் மட்டையோடு, சென்னை விஜய் அமிர்தராஜ். 1986இல் வந்த நான்காவது ஸ்டார் ட்ரெக் படத்திலும் ஒரு விண்கலத் தலைவராகச் சில நொடிகள் வருகிறார். விம்பிள்டனில் ஆடிப் பெயர் வாங்கிய ஆணுக்கு ஹாலிவுட் ஒரு பொழுதுபோக்கு; கிடைத்தால் சந்தோஷம், கிடைக்காவிட்டால் போட்டி வர்ணனை இருக்கிறது. பெர்சிஸுக்கு அதைத் தவிர வேறில்லை.

அதே 1983இல் அவருக்கு இதய பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. வயது 34. இந்த வரியை முதலில் படித்தபோது அச்சுப் பிழையோ என்று பிறந்த ஆண்டைத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தெற்காசியர்களுக்கு இதயநோய் மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முந்தி வருகிறது என்பது இன்று நம் எல்லோருக்கும் தெரியும். சான்ஃப்ரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் வாழும் தெற்காசியர்களை வைத்து 2010இல் தொடங்கிய ஆய்வுக்கு ‘மசாலா’ என்று பெயர்கூட வைத்திருக்கிறார்கள். 1983இல் அப்படி எதுவும் இல்லை. நோயாளிகளின் பட்டியலில் நமக்குத் தனிக் கட்டமே இல்லாத காலம். மார்பின் நடுவே தழும்போடு ஒரு மாடல் என்ன செய்வார்?

1985இல் பம்பாய்க்குத் திரும்பினார். தூர்தர்ஷன் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரம். 1986இல் ‘ஷிங்கோரா’ என்ற ஹிந்திப் படைப்பில் நடித்தார். ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, புரியாத ஹிந்தியையும் விடாமல் பார்த்த தலைமுறை எங்களுடையது. அதில் வந்த உயரமான பெண் விண்வெளிக்குப் போய் வந்தவர் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரிந்திருக்காது. பிறகு மீண்டும் அமெரிக்கா. ‘மைக் ஹாமர்’, ‘ஹன்டர்’, ‘மெக்கைவர்’ தொடர்களில் ஒரு வார விருந்தாளி வேடங்கள். கடைசியாக 1993இல், சூப்பர்மேன் கதையான ‘லோயிஸ் அண்ட் கிளார்க்’ தொடரின் முதல் பகுதியில் நாடுகளின் பேரவைத் தலைவியாக வந்தார். வேற்றுக்கிரகப் பெண், பயங்கரவாதி, பேரவைத் தலைவி. எந்த ஊர் என்று கேட்கக் கூடாத வேடங்கள்.

அவருடைய முயற்சி தோற்றது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. வேடங்களை எழுதுகிறவர்களின் மேசையில் அவரைப் போன்ற ஒருவரே இல்லாதபோது நடிகையின் திறமை எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும்? இதற்கு எதிர்ச்சாட்சியாகப் பத்மா லட்சுமியைச் சொல்லலாம். தமிழ்க் குடும்பம், செவிலியராக வந்த தாய், நான்கு வயதில் நியூயார்க், கோடை விடுமுறைக்குச் சென்னையில் தாத்தா வீடு. அதாவது 1965 சட்டத்தின் நேரடிக் குழந்தை. பதினான்கு வயதில் கலிஃபோர்னியாவில் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது கார் விபத்து. வலது கையில் ஏழு அங்குலத் தழும்பு. மாடலான பிறகு அந்தத் தழும்புதான் ஹெல்முட் நியூட்டனின் கேமராவை ஈர்த்தது. மறைக்க வேண்டியது என்று நினைத்ததே அடையாளமாயிற்று. இத்தாலியத் தொலைக்காட்சி, சில படங்கள். 2002இல் அவரும் ஸ்டார் ட்ரெக்கில் ஒரு வேற்றுக்கிரக இளவரசியாக வந்தார்! அந்த வழி எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும். ஆனால் 2006 முதல் 2023 வரை ‘டாப் செஃப்’ நிகழ்ச்சியில் அவர் எந்த வேடமும் போடாமல், தன் சொந்தப் பெயரில், ரசத்தையும் தயிர்சாதத்தையும் அறிந்த நாக்கோடு உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தீர்ப்புச் சொன்னார். பள்ளி நாட்களில் தன் பெயரை ஆஞ்சலிக் என்று மாற்றிக்கொண்டிருந்த பெண் அவர்.

இரண்டு பேருக்கும் இடையே 22 ஆண்டு. ஒரு குடியேற்றச் சட்டம், லட்சக்கணக்கான குடும்பங்கள், கேபிள் தொலைக்காட்சி. திறமையில் யார் மேல் என்று அளப்பது வீண் வேலை. பெர்சிஸ் வந்தபோது அவரைப் பார்த்துத் தன் வீட்டுப் பெண் என்று சொல்ல இந்த நாட்டில் போதுமான வீடுகள் இல்லை.

பின்னாட்களில் அவர் பெரும்பாலும் பம்பாயில்தான் இருந்தார். 1997இல் ‘பிரைட் ஆஃப் இந்தியா’ என்ற பெரிய புத்தகத்தைக் கொண்டுவந்தார். தன் சுயசரிதை அல்ல. மிஸ் இந்தியா பட்டம் வாங்கிய மற்ற பெண்களைப் பற்றியது. சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் 1994இல் உலகப் பட்டங்களை வென்று, அழகிப் போட்டி என்பது நாட்டின் பெருமையாகிவிட்டிருந்த நேரம். முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த வரிசையின் ஆரம்பத்தில் நின்றவர் எல்லோரையும் தேடிப்பிடித்துப் பக்கம் ஒதுக்கினார். அன்னை தெரசாவுக்குச் சமர்ப்பணம் செய்து, வருமானத்தில் ஒரு பகுதியை அவருடைய சபைக்குக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு, 1998 ஆகஸ்ட் 18 அன்று, நெஞ்சு வலிக்கிறது என்று தென் மும்பையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மாரடைப்பு. ஐம்பது வயது நிறைய ஆறு வாரம் இருந்தது.